இஞ்ஞாசி அண்ணனின் முகம்

கண்ணிலிருந்து ஆரம்பிக்கலாமாம்மா என்று அந்தத் தம்பி கேட்கிறது. மடியில் ஒரு அட்டை, அதன்மேல் கிளிப் போட்ட வெள்ளைக் காகிதம், நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டு நாடி பிடிக்க வந்த டாக்டர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தணிகைவேல் என்று பெயர் சொன்னது, கும்பகோணத்தில் ஓவியம் படித்த பிள்ளையாம். அண்ணன் கண்ணு நல்லா இருக்கும் தம்பி என்கிறேன். நல்லான்னா எப்படிம்மா, பெரிசா, சின்னதா, உள்ள போயிருக்குமா என்கிறது. பெரிசு என்று சொல்ல வாயெடுக்கிறேன், அதற்குள் சுவரில் ஆணி மட்டும் நிற்கிற இடம் கண்ணில் பட்டு வாய் நின்றுவிடுகிறது. அங்கே மாட்டியிருந்த படம் கட்டில்மேல் மல்லாந்து கிடக்கிறது. கொஞ்சம் முன்னால் இந்தத் தம்பிதான் இறக்கியது. அண்ணன் இருந்த ரெஜிமெண்டின் மியூசியத்தில் புதிதாக ஒரு கூடம் கட்டியிருக்கிறார்களாம். எழுபத்தொன்று சண்டையில் எடுத்த போட்டோக்கள், பாலம் கட்டுகிற படம், டாங்கி சேற்றில் மாட்டிக்கொண்ட படம், ஆற்றங்கரையில் தட்டோடு குந்திச் சோறு தின்கிற படம், எல்லாம் பெரிசு பண்ணி மாட்டியாகிவிட்டதாம். ஆனால் அதிலெல்லாம் கீழே ஜவான்கள் சிலர் என்றுதான் எழுதியிருக்கிறதாம். அதனால் திரும்பி வராதவர்களுக்கென்று தனியாக ஒரு சுவர், பேரும் முகமுமாக. ஒருத்தர் வீட்டில் ஸ்டுடியோ படம் இருக்கும், ஒருத்தர் வீட்டில் கல்யாணப் படத்தில் ஓரமாக நிற்கிற முகம்தான் இருக்கும், அதனால் எல்லாரையும் ஒரே அளவில் ஒரே பென்சிலில் வரைந்து மாட்டச் சொல்லியிருக்கிறார் பெரிய ஆபீசர். வீடு வீடாகப் போகிற பிள்ளை இங்கேயும் வந்தது, காப்பி வேண்டாம் டீ போதும் என்றது, படத்தை இறக்கிக் கண்ணாடியைத் துடைத்தது. "நல்ல தெளிவான முகம்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றது. அப்போது என் வாய் அதுவாகத் திறந்து, "அது அவன் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டது. என் அண்ணன் இல்லை. எங்கள் வீட்டில் ஐம்பது வருஷமாக யாரும் சொல்லாத சொல்.

அடுப்படியில் வடிகட்டி விழுந்த சத்தம் கேட்டது. என் மகள் பிரமிளா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "யாரு இல்ல?" என்றாள். உங்க மாமா இல்லடி அது என்றேன். "அப்போ யாரு?" தெரியல. "தெரியலையா! ஏம்மா, பரிட்சைக்குப் போறப்பல்லாம் மாமாகிட்ட சொல்லிட்டுப் போன்னு அனுப்புவியே. கல்யாணப் பத்திரிகை முதல்ல அவரு முன்னாடிதானே வெச்ச? ஊரு பேரு தெரியாத ஆளுகிட்டயா நான் கெமிஸ்ட்ரி பாஸாவணும்னு வேண்டிக்கிட்டேன்?" பாஸானியே என்றேன். தம்பி குனிந்து பென்சிலைச் சீவியது, தோள் குலுங்கியது. சிரிக்கட்டும். எனக்கே சிரிப்பு வந்தது. ஜெபமாலையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். இப்போதும் விரல் உருட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தோணியாரே, சாவி தொலைந்தாலும் கம்மல் திருகாணி தொலைந்தாலும் உம்மைத்தானே கூப்பிடுகிறேன், தேடித் தந்திருக்கிறீரே. ஒரு முகம் தொலைந்திருக்கிறது, கொஞ்சம் பாருமே.

அப்போது எங்கள் குடும்பம் இதே ஜோலார்பேட்டையில் ரயில்வே குவார்ட்டர்சில் இருந்தது. அப்பா யார்டில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். அண்ணனுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம், நடுவில் பிறந்ததுகள் தங்கவில்லை. அண்ணன் போய்விட்டான் என்று தந்தி வந்தது மார்கழிக் குளிரில், கிறிஸ்துமஸ் குடில் பிரிக்காமல் இருந்த நேரம். அம்மா அழுதாள், எல்லா அம்மாவும் அழுகிற மாதிரித்தான் அழுதாள். பட்டாளத்திலிருந்து படம் வந்தது அப்புறம், வெயில் காலத்தில், மரச்சட்டம் போட்டு, சாக்கு வைத்துத் தைத்து. அண்ணனுக்குத் தனியாக எடுத்த படம் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் கோவிலில் புதுநன்மை வாங்கியபோது எடுத்தது ஒன்று இருந்தது, ஓடு ஒழுகித் தண்ணீர் இறங்கி, பிரித்தபோது முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அதனால் பட்டாளத்துக் கம்பெனியோடு சேர்த்து எடுத்த குரூப் போட்டோவிலிருந்து ஒரு தலையை மட்டும் பெரிசு பண்ணி, பிரஷ் வைத்துப் புருவம் எழுதி, உதட்டுக்கு ரோஸ் வர்ணம் தடவி அனுப்பியிருந்தார்கள். அப்பா சாக்கைப் பிரித்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் பார்த்தார். "சூசை, இது நம்ம பையன் இல்ல" என்றார் அம்மாவிடம். அம்மா வாங்கிப் பார்த்தாள். யாரோ ஒரு பிள்ளை, தாடையில் குழி, தொப்பி கொஞ்சம் சாய்ந்து, போட்டோக்காரனைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். அம்மா முகம் மெதுவாக மாறியதை நான் பார்த்தேன். விளக்கைத் தூண்டிவிட்ட மாதிரி. "படம் மாறியிருக்குதுன்னா ஆளும் மாறியிருக்கும்" என்றாள். "போனது இந்தப் பிள்ளை. இஞ்ஞாசி எங்கயோ இருக்கான்." அப்பா, அப்படின்னா எழுதிக் கேப்போம் என்றார். "கேட்டா இன்னா ஆவும்? மன்னிச்சுக்குங்கன்னு படத்தை மாத்தி அனுப்புவான். அப்புறம்?" யார்டில் ஷண்டிங் எஞ்சின் கூவிக்கொண்டிருந்தது. அப்பா ஆணியையும் சுத்தியலையும் எடுத்துவரப் போனார்.

அந்தப் படத்துக்கு அம்மா மாலை போட்டாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள், பாவம் மனசைத் தேத்திக்கிட்டா என்று பேசினார்கள். அவர்களுக்கு அது அண்ணன். அம்மாவுக்கு அது செத்துப்போன இன்னொருத்தி பிள்ளை. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவரவர் ஆட்களின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், எங்களுக்கு இங்கே குழி இல்லை, அதனால் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிலுவை மேடையில் சாத்தி வைத்து அதன்முன் ஏற்றுவோம். பூசைக்குப் பேர் கொடுக்கையில் சாமியார், யார் ஆன்மாவுக்கு என்று கேட்பார். ஒரு ஆன்மாவுக்குன்னு வாசிங்க சாமி, கடவுளுக்குத் தெரியும் என்பாள் அம்மா. இஞ்ஞாசி என்று ஒரு தடவைகூட வாசிக்க விட்டதில்லை. அம்மாவுக்குப் பிறகு நானும் அப்படியே கொடுத்துவந்தேன். மாதாவே, இதைக் கேளும். இத்தனை வருஷமாக ஒவ்வொரு செத்தவனுக்கும் அவன் வீட்டார் பூசை வைத்திருக்கிறார்கள், என் அண்ணனுக்கு ஒரு பூசை இல்லை, செத்த ஆன்மாக்கள் உத்தரிக்கிற இடத்தில் அவன் தன் பேரை எப்போது கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தால்?

"மூக்கு எப்படிம்மா?" தம்பி கேட்கிறது. மூக்கு நீளம் என்கிறேன். பென்சில் சர்சர்ரென்று போகிறது. காகிதத்தைத் திருப்பிக் காட்டுகிறது. அய்யோ, இது கட்டிலில் கிடக்கிறவன் மூக்கு. கண்ணை மூடி அண்ணனைக் கூப்பிட்டால் இவன்தான் வருகிறான், தாடைக் குழியும் ரோஸ் உதடுமாக. குவார்ட்டர்ஸ் வாசலில் டவுசரோடு நிற்கிற அண்ணனுக்கும் இவன் முகம்தான், கோவில் பாடகர் குழுவில் வாயைத் திறக்காமல் ஏமாற்றுகிற அண்ணனுக்கும் இவன் முகம்தான். போட்டோ அப்படியே தின்றுவிட்டது. தினமும் பார்க்கிற முகம் தினமும் பார்க்காத முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது, நான் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டு நின்றிருக்கிறேன். வேற படமே இல்லியா தம்பி உங்ககிட்ட, பட்டாளத்துல சேர்றப்ப எடுத்திருப்பாங்களே என்கிறேன். தேடிட்டாங்கம்மா, அந்தக் காலத்துக் காகிதம் எல்லாம் கழிச்சிட்டாங்க, குரூப் போட்டோ நெகட்டிவ் பூஞ்சை பிடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு என்கிறது. அப்படியானால் அண்ணன் முகத்தைப் பார்த்த கண் இந்த உலகத்தில் என்னுடைய ரெண்டுதான். அதிலும் ஒன்றில் புரை. நான் போய்ச் சேர்ந்துவிட்டால் கட்டிலில் கிடக்கிறவன்தான் அண்ணன் என்று ஆகிவிடும், மியூசியத்துச் சுவரில் அண்ணன் பேருக்கு மேலே இவன் சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே இருப்பான்.

அம்மாவும் முகத்தைத் தேடியவள்தான். சினிமா பாவம் என்று தெருவில் டாக்கீஸ் நோட்டீஸ் வண்டி போனால்கூட என் கண்ணைப் பொத்துகிறவள், அந்த வருஷம் புதுப்படம் மாற்றுகிற நாளெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு டாக்கீசுக்குப் போனாள். படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் போடுவார்களே, சண்டை முடிந்தும் ரொம்ப நாள் அதையே போட்டார்கள், அதற்காக. பெண்கள் பக்கம் தரையில் உட்காருவோம், கறுப்பும் வெள்ளையுமாக ஆறு வரும், முட்டிவரை தண்ணீரில் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போவார்கள், கேமராக்காரன் கரையிலேயே நின்றிருப்பான் போல, எல்லாரும் அக்கரையைப் பார்த்துத்தான் போவார்கள். "திரும்பு ராசா, ஒரு தடவை திரும்பு" என்று அம்மா வாய்க்குள் சொல்வது எனக்குக் கேட்கும். திரையின் வெளிச்சம் அவள் மூக்குத்தியில் விட்டுவிட்டு எரியும். வறுத்த கடலை வாசனை, பீடிப் புகை, என் உள்ளங்கையில் அவள் கை வேர்க்கும். அவ்வளவு சந்தோஷமாக அம்மாவோடு நான் எங்கேயும் போனதில்லை, இதைச் சொன்னால் தப்பாகப் படும், ஆனாலும் அப்படித்தான். பெயர் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடுவோம். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர், "இன்னாம்மா, படம் இப்பத்தானே ஆரம்பிக்குது" என்பார். "எங்க படம் முடிஞ்சிடுச்சுப்பா" என்பாள். ஒரு படம்கூட முழுசாகப் பார்க்கவில்லை, வீட்டுக்கு நடக்கும்போது மீதிக் கதையை நானே கட்டிச் சொல்வேன், அம்மா ம், ம் என்று கேட்பாள், அவள் காதில் எதுவும் ஏறியிருக்காது.

பிரமிளா டீயை வைத்துவிட்டுத் தரையில் என் முட்டியோரம் உட்கார்ந்திருக்கிறாள். கட்டிலில் கிடக்கிற படத்தை எட்டி எட்டிப் பார்க்கிறாள். "இவரு யாருன்னு யாரும் சொல்லலையாம்மா?" என்கிறாள். சொல்ல ஒருத்தர் வந்தார். வாணியம்பாடி ஜப்பார் பாய், இப்போது அவரும் இல்லை, அண்ணனோடு அதே செக்ஷனில் இருந்தவர், லீவில் தேடிக்கொண்டு வந்தார். கேட்டில் பட்டாளத்து உடுப்பைப் பார்த்ததுமே அம்மா படத்தைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் செருகிவிட்டாள். அந்த வயதில் எனக்கு ஏன் என்று புரியவில்லை. அவர் பார்த்தால் சொல்லிவிடுவார் அல்லவா, இவன் இன்னார், உயிரோடு இருக்கிறான், போன மாசம்கூட என்னோடு சீட்டாடினான் என்று சொல்லிவிட்டால் அம்மா கட்டியதெல்லாம் சரிந்துவிடும் அல்லவா. ஜப்பார் பாய் ஆற்றைப் பற்றிச் சொன்னார், குண்டு விழுந்ததைச் சொன்னார், பக்கத்திலேயே இருந்தேம்மா, தண்ணி கேக்கக்கூட நேரமில்ல என்றார். அம்மா காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டாள், வேறு யாரோ வீட்டுச் சங்கதி மாதிரி. அழுகையை மாற்றுவதற்காகவோ என்னவோ அவர் சிரிப்புக் கதை ஒன்று சொன்னார். "குரூப் போட்டோ எடுக்கறப்ப உங்க மவன் பண்ண கூத்து இருக்குதே. போட்டோக்காரன் வரிசையா எல்லார் பேரையும் எழுதிட்டான். எழுதினப்புறம் பாத்தா இவன் மட்டும் முன்வரிசையில பனைமரமா நிக்கறான். ஏய் நெட்டை, பின்னாடி போடான்னான். இவன் போவாம மொறைச்சான். அப்புறம் போனான், இவன் எடத்துல இன்னொருத்தனைத் தள்ளி நிக்கவெச்சாங்க." அம்மா கையில் டபரா நின்றது. அவ்வளவுதான், ஒரு கணம். படம் மாறியதற்குக் காரணம் இவ்வளவுதான், ஆள் மாறவில்லை, எழுதியபின் இடம் மாறியது. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, இப்போது நினைத்தால் சத்தியமாகப் புரிந்துவிட்டது. காப்பி ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "உங்க மவன் போட்டோ ஒண்ணும் வரலியாம்மா?" என்று கேட்டார். வரலப்பா என்றாள். அவர் போனதும் படத்தை எடுத்து அரிசித் தூசியைத் துடைத்து மறுபடி மாட்டினாள். அடுத்த வெள்ளிக்கிழமை டாக்கீசுக்கும் போனோம்.

"உயிரோட இருக்கறவருக்கா நாம மாலை போட்டோம்?" பிரமிளா வாயைப் பொத்திக்கொள்கிறாள். "எங்கயாவது ஒரு தாத்தா, ஏன்டா எனக்கு வருஷா வருஷம் விக்கலு எடுக்குதுன்னு உக்காந்திருப்பாரு." ஏன்டி இப்படிப் பேசற என்கிறேன், ஆனால் நினைத்தால் இனிக்கிறது, தாடைக் குழி சுருங்கி, பல் விழுந்து, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. அவன் இருந்தால் நல்லா இருக்கட்டும். என் வீட்டுக்காரர் முகத்தைவிட அதிகமாகப் பார்த்த முகம் அது, பிள்ளைகளுக்கு ஜுரம் என்றால் அவனிடம்தான் சொன்னேன், சின்ன மகன் துபாய் போனபோது அவனிடம்தான் அழுதேன், சலிக்காமல் கேட்டுக்கொண்டான். தம்பி, இந்தப் படத்தையும் எடுத்துட்டுப் போங்க, கூடத்துல ஒரு ஓரமா மாட்டி, இது யாருன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு எழுதுங்க என்கிறேன். தம்பி தலையாட்டுகிறது. "அதைச் செய்யலாம்மா. ஆனா உங்க அண்ணன்?" என்கிறது. காகிதத்தில் ஒரு முகமில்லாத வட்டம், நடுவில் மூக்கை அழித்த சாம்பல்.

ஆமாம், அண்ணன். ஏன் வரமாட்டேன் என்கிறான். நான் அவனை எங்கே பார்த்தேன் என்று யோசிக்கிறேன். வீட்டில் அவன் நின்றால் எனக்கு அவன் பெல்ட்டுதான் தெரியும், அவ்வளவு நெட்டை. நிமிர்ந்தால் தாடைக்கு அடிப்பக்கம். மீதி நேரமெல்லாம் சைக்கிள். கான்வெண்டுக்குக் கொண்டுபோய் விடுவான், சாயந்தரம் கூட்டிவருவான், ஞாயிறு பூசைக்கு, ரேஷன் கடைக்கு, எல்லாம் கேரியரில். அவன் பேசுவதெல்லாம் முன்னால் பார்த்துக்கொண்டே பேசுவான், காற்றில் பாதி போய்விடும், தெரசு கால உள்ள வைக்காதே, தெரசு தூங்கிட்டியா, தெரசு அந்த சிஸ்டரு இன்னும் அடிக்குதா. நான் பதில் சொன்னது எல்லாம் ஒரு கழுத்துக்கு. ஐயோ, கழுத்து. கண்ணை மூடவே தேவையில்லை, அப்படியே வருகிறது, வெயிலில் கறுத்த கழுத்து, நடுவில் பள்ளம், அதில் மாதா உத்தரியத்தைக் கோத்துக் கட்டிய கயிறு, வேர்வையில் பழுப்பாகி. தம்பி, காது சொல்றேன் எழுதிக்கோங்க என்கிறேன். காதா? ஆமாம் காது, இடது காது கொஞ்சம் முன்னால மடங்கினாப்பல இருக்கும், குழந்தையில குத்தினது தூந்துபோய் ஒரு புள்ளி. சுழி ரெண்டு, உச்சியில ஒண்ணு, வலப்பக்கம் தள்ளி ஒண்ணு, அந்த இடத்துல எண்ணெய் வெச்சாலும் முடி படியாது. இங்க, பின்கழுத்துல ஒரு தழும்பு, அரை நிலா மாதிரி, யார்டு கம்பியில இடிச்சுக்கிட்டது. தோள் சமமா இருக்காது தம்பி, சைக்கிள் மிதிக்கறப்ப வலது தோள் முன்னால போவும். சொல்லிக்கொண்டே போகிறேன், நானா இத்தனை பேசுகிறேன், பிரமிளா என்னையே பார்க்கிறாள். தம்பி புதுக்காகிதம் மாற்றியிருக்கிறது. பின்பக்கமா வரைஞ்சா ஆபீசர் ஒத்துக்குவாரா தெரியலம்மா, எல்லாரும் நேரா பாக்கற சுவரு அது என்கிறது, கை மட்டும் நிற்கவில்லை. கேட்டுப் பாருங்க தம்பி. பட்டாளத்துல போட்டோ எடுத்தவங்க எத்தனை பேரோட முதுகைத்தானே எடுத்திருக்காங்க.

மெதுவாக வருகிறான். முதலில் தோள், அப்புறம் சட்டைக் காலர், அப்புறம் அந்த மடங்கின காது. இந்த முறை கட்டிலில் கிடக்கிறவன் வரவில்லை, நடுவில் யாரும் வரவில்லை. இது அவன். இது அவனேதான், கேரியரில் உட்கார்ந்து கையை நீட்டினால் தொட்டுவிடலாம். தம்பி கழுத்துப் பள்ளத்தில் ரப்பர் வைத்து வெளிச்சம் எடுக்கிறது, துகள் துகளாகக் காகிதத்தில் உதிர்ந்து கிடக்கிறது, அதைத் தட்டிவிடக் கையைத் தூக்குகிறது. இருங்க தம்பி என்கிறேன். கடைசி லீவு முடிந்து போகிற அன்று ஸ்டேஷன் எதிர் சலூனில் முடி வெட்டிக்கொண்டு நேராக என்னைக் கான்வெண்டில் விட வந்தான், கழுத்தெல்லாம் பொடி முடி ஒட்டியிருந்தது, சைக்கிள் போகப் போகப் பின்னாலிருந்து ஊதினேன், கழுத்தைச் சுருக்கித் தோளைத் தூக்கி, "ஏய் தெரசு, கூசுதுடி, விழுந்துடுவோம்டி" என்று சிரித்தான், சைக்கிள் எட்டுப் போட்டது. நான் குனிந்து அட்டைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து மெதுவாக ஊதுகிறேன். துகள் எல்லாம் பறந்து தரையில் விழுகிறது. கழுத்து சுருங்கவில்லை. தோள் தோளாகவே இருக்கிறது. இன்னொரு தடவை ஊதுகிறேன். பிரமிளா என் முதுகில் கை வைக்கிறாள். தம்பி பென்சிலை எடுத்து, "கீழ பேரும் தேதியும் போடணும்மா. இப்பப் போடட்டுமா, அப்புறமா?" என்று கேட்கிறது.

"இப்பவே எழுதுங்க தம்பி. இஞ்ஞாசிமுத்துன்னு எழுதுங்க. பிரமி, நாளைக்குக் காலைப் பூசைக்கும் அதே பேரைக் கொடுத்துட்டு வா."